ஒரு சத்தம் கொடுத்துவிட்டுப் போ

அத்தியாயம் ஒன்பது

தலைக்கு மேல் மின்விசிறி கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே உட்கார்ந்து, வாத்தியார் ஆடாமல் அசங்காமல் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

பெரியவளுக்குத்தான் பொறுக்கவில்லை.

சாப்பாட்டு மேஜை முழுக்க 'உருட்டு' பத்திரிகையின் பக்கங்களைப் பரப்பி வைத்திருந்தாள். முதல் இதழ். நடுப்பக்கங்கள் நேற்றே அச்சகத்துக்குப் போய்விட்டன. அட்டையும் கடைசிப் பக்கங்களும்தான் பாக்கி. இன்று மத்தியானத்துக்குள் அதையும் கொடுத்துவிட்டால், நாளைக்குப் புத்தகம் கையில்.

கதை ஆட்டக்காரர்களுக்கென்று ஒரு பத்திரிகை ஆரம்பிக்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது சிரிக்காத ஆள் கிடையாது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, முட்டுக்கட்டை வந்தால் பகடையை உருட்டி, ஒரு முழுக் கதையைச் சேர்ந்து கட்டுகிற ஆட்டம் அது. ஊரில் அதை ஆட ஏழெட்டு வீடுகளில் மேஜை போடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு பத்திரிகையா? பெயரைக் கேட்டதும் இன்னும் சிரித்தார்கள். "பகடையும் உருட்டு, நீங்க அடிக்கிற கதையும் உருட்டு. பேர் பொருத்தம் பிரமாதம்!"

சிரித்தவர்களே சந்தா கட்டினார்கள். அது வேறு விஷயம்.

சிரிக்காமல் போனது ஒருத்தன்தான். அவள் தம்பி. சின்னவன் எழுதிக் கொடுத்த பன்னிரண்டு பக்கக் கதையை அவள் இரண்டு பக்கமாக வெட்டிவிட்டாள். அன்றிலிருந்து அவன் இந்த வீட்டுப் படி ஏறவில்லை. வழியில் பார்த்துக் கூப்பிட்டால் திரும்புவதுகூட இல்லை. போதாததற்கு வெளியூருக்கு மாற்றல் கேட்டு வாங்கிவிட்டான். திங்கட்கிழமை கிளம்புகிறான்.

"அந்த ஃபேனை நிறுத்துங்களேன். மண்டையே இடிக்குது" என்றாள்.

வாத்தியார் நிமிர்ந்தார். "ஏன், குளிருதா?"

"சத்தம் தாங்கலை."

"என்ன சத்தம்?"

கேலி செய்கிறார் என்று நினைத்தாள். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

"உன் தம்பி எண்ணெய் விட்டுட்டுப் போனதுலேர்ந்து பூனை நடக்கிற மாதிரி ஓடுது. அவன் ஆயிரம் முறுக்கிக்கிட்டாலும் கை வேலைக்காரன்" என்றார்.

"அவன் எப்போ எண்ணெய் விட்டான்?"

"விடலையா? பின்ன யாரு?"

பெரியவள் பேனாவைக் கீழே வைத்தாள். அவளுடைய வேலையே காதுதான். ஆஸ்பத்திரியில் காது கேட்கிறதா என்று சோதித்துப் பார்க்கும் பிரிவில் இருக்கிறாள். புருஷனுக்கே காது மந்தமாகிவிட்டதா என்று அவளுக்குத் திக்கென்றது. சமையலறைக்குப் போய்க் கரண்டியால் பாத்திரத்தை மெல்லத் தட்டினாள்.

"என்ன தாளம் அங்கே?" என்றார் உடனே.

எதிர் வீட்டு வானொலியில் என்ன ஓடுகிறது என்று கேட்டாள். வானிலைச் செய்தி என்றார். கீழே யாரோ வண்டியை உதைக்கிற சத்தம், குழாயில் நீர் சொட்டுவது, எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார். மின்விசிறியை நிறுத்தினாள். கடகடப்பு ஓய்ந்து அறை அமைதியானது.

"இப்போ வித்தியாசம் தெரியுதா?"

"தெரியாம என்ன? காத்து நின்னு போச்சு."

அவ்வளவுதான் சொன்னார்.

அப்போதுதான் அவளுக்கு அந்த மழை நாள் ஞாபகம் வந்தது. மற்றவர்கள் யாரும் வர முடியாமல், இதே மேஜையில் அவளும் வாத்தியாரும் சின்னவனும் மட்டும் ஆடிய ஆட்டம். ஆட்டத்தை நடத்தியது வழக்கம்போல வாத்தியார். கதையில் ஒரு பெரிய ஆறு வந்தது. ஆற்றின் மேல் ஒரு பாலம். பாலத்தின் தலையில் ஒரு சுங்கக்காரர். மரியாதையான, அவசரமில்லாத குரல் அவருக்கு.

'வாங்க, மெதுவா வாங்க. காசெல்லாம் வேண்டாம். ஆளுக்கு ஒரு சத்தம் கொடுத்துட்டுப் போங்க. உங்ககிட்ட அதிகமா இருக்கிறதையே கொடுங்க, போதும்.'

வாத்தியார் மேலே கையைக் காட்டிச் சொன்னார். "இந்த ஃபேன் சத்தத்தை எடுத்துக்கிட்டுப் போய்யா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"என்னங்க," என்றாள் பெரியவள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "அன்னிக்குப் பாலத்துல நீங்க என்ன கொடுத்தீங்க, ஞாபகம் இருக்கா?"

"இருக்கே. ஃபேன்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். அண்ணாந்து பார்த்தார். எழுந்து போய் விசையைத் தட்டினார். இறக்கைகள் சுழன்றன, அவளுக்குக் கடகடத்தன. அவர் காதைச் சாய்த்து வெகுநேரம் நின்றார்.

"பழகிப் போச்சு. அவ்வளவுதான். தினம் கேக்கிற சத்தம் ஒரு கட்டத்துல மண்டைக்குள்ள ஏறாது" என்றார். சொல்லிவிட்டுத் தாள்களைத் திருத்த உட்கார்ந்தார். ஆனால் சிவப்புப் பேனாவை மூடியோடு தாளில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவள் பக்கங்களை அடுக்கிப் பையில் போட்டாள். சின்னவன் அன்றைக்கு என்ன கொடுத்தான்? யோசித்ததும் வந்துவிட்டது. பைக்குள் விட்ட கை அப்படியே நின்றது.

தான் என்ன கொடுத்தோம்?

பகடை உருண்டு மேஜை விளிம்பில் நின்றது நினைவிருக்கிறது. சுங்கக்காரர் 'அம்மா, நீங்க?' என்று கேட்டதும் நினைவிருக்கிறது. அதற்கு அப்புறம் கரும்பலகையைத் துடைத்த மாதிரி இருந்தது.

*

சின்னவன் தன்னிடம் தங்கிவிட்ட அவளுடைய பகடைகளைத் திருப்பிக் கொடுக்க ஆஸ்பத்திரிக்கே வருவதாகச் செய்தி அனுப்பியிருந்தான். வீட்டுக்கு வர மாட்டானாம்.

அவன் வந்தபோது நடைபாதை முழுக்க ஆட்கள். கூரியர் கம்பெனி சட்டையோடு அவன் கூட்டத்தை விலக்கி வருவதைப் பார்த்துவிட்டு, பெரியவள் கதவருகே நின்று கூப்பிட்டாள்.

"பொட்டலம்!"

பிறந்தபோது துணியில் இறுக்கிச் சுற்றி அவள் மடியில் வைத்தார்கள். அன்றைக்கு அவள் வைத்த பெயர். வளர்ந்து கூரியர் வேலைக்கே போய்ச் சேர்ந்தான். பெயர் வைத்த வாய் அப்படி என்று வீட்டில் எல்லோரும் சொல்லிச் சிரிப்பார்கள். உலகத்தில் அவனை அப்படிக் கூப்பிடுகிறவள் அவள் ஒருத்திதான்.

அவன் திரும்பவில்லை. அவளைத் தாண்டிப் போய், அறை எண்ணைப் பார்த்துத் தயங்கி நின்றான். முன்பென்றால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்திருக்கும். இன்று அவன் காதையே பார்த்தாள்.

"டேய்" என்றாள்.

உடனே திரும்பினான். "இங்கேதான் இருக்கியா? இந்தா, உன் பகடை."

"உள்ள வா. ஒரு டெஸ்ட் எடுக்கணும்."

"எனக்கா? எனக்கென்ன கேடு?"

"திங்கட்கிழமை போகப்போறே. அக்கா கேக்கறேன், ஒரு தடவை உக்காரேன்."

அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே உட்கார்ந்தான். சத்தம் புகாத சின்ன அறை. சுவரெல்லாம் பஞ்சு. காதுக்கு மாட்டும் கருவியைப் பொருத்திவிட்டு, கதவைச் சாத்தி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து அவள் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். தடித்த ஒலியிலிருந்து மெல்லிய ஒலி வரை ஒவ்வொன்றாக அனுப்பினாள். கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தினான். கொசு ரீங்காரம் அளவுக்குக் குறைத்தாலும் அழுத்தினான். பச்சைக் குழந்தைக்கு இருக்கிற மாதிரிக் காது.

அடுத்தது சொல் சோதனை. இவள் ஒலிவாங்கியில் சொல்கிற சொல்லை அவன் திருப்பிச் சொல்ல வேண்டும். உதட்டைப் பார்த்து ஊகிக்கக்கூடாது என்பதற்காக வாயை ஒரு அட்டையால் மறைத்துக்கொள்வது வழக்கம்.

"மரம்" என்றாள்.

"மரம்."

"கதவு."

"கதவு."

"சாவி."

"சாவி."

"பொட்டலம்."

அவன் காத்துக்கொண்டிருந்தான். கால் ஆட்டினான்.

"பொட்டலம்" என்றாள் மறுபடி.

"அடுத்த வார்த்தை சொல்லுக்கா. எனக்கு நேரமாகுது."

பக்கத்து மேஜையில் இருந்த நர்ஸைக் கூப்பிட்டு, ஒலிவாங்கியைக் காட்டி அந்த ஒரு சொல்லைச் சொல்லச் சொன்னாள். நர்ஸ் ஒன்றும் புரியாமல் "பொட்டலம்" என்றாள்.

அவன் துள்ளி நிமிர்ந்தான். "பொட்டலம்! இது என்ன கூத்து? அந்தம்மாவுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?"

பெரியவள் அட்டையைக் கீழே வைத்தாள். அவன் கண்ணைப் பார்த்து, வாயைத் திறந்து, தெளிவாகச் சொன்னாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் புருவம் சுருங்கியது. "மைக் நின்னுடுச்சுக்கா. உன் வாய் மட்டும்தான் அசையுது."

அவள் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். அவன் காதிலிருந்து கருவியைக் கழற்றினாள். அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காதோரமாகக் குனிந்து இன்னொரு தடவை கூப்பிட்டாள். மூச்சுக்காற்று பட்டு அவன் கூசிக் கழுத்தைச் சுருக்கிக்கொண்டானே தவிர, வேறொன்றும் இல்லை.

"என்னக்கா பண்றே? ஏன் அழறே?"

"இத்தனை நாளா நான் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் திரும்பாமப் போனியே, அதெல்லாம் கோபத்துல இல்லையா?"

"நீ எங்க கூப்பிட்டே?" அவன் அவள் கைகளை விலக்கினான். "ஒரு கதையை வெட்டினதுக்கா நான் கோவிச்சுக்குவேன்? நீதான் என்னைப் பொட்டலம்னு கூப்பிடறதையே விட்டுட்டே. போன்ல பேசினாகூடப் பேர் சொல்றதில்லை. அக்காவுக்கு நான் வேண்டாதவனாயிட்டேன்னு நினைச்சேன். அதான் மாற்றல் கேட்டேன்."

அவள் அந்தப் பஞ்சு அறையின் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பாலத்துல நீ என்னடா கொடுத்தே?"

அவன் யோசித்தான். முதலில் சிரிப்பு வந்தது, பாதியில் உறைந்தது. "'எங்கக்கா பொட்டலம்னு கூப்பிடற சத்தத்தை எடுத்துக்கோங்க. ஆபீஸ்ல எல்லாரும் சிரிக்கிறாங்க'ன்னேன். சும்மா சொன்னதுக்கா. விளையாட்டுக்கு."

"உங்க அத்தானுக்கு ஃபேன் சத்தம் கேக்கறதில்லை."

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் என்ன கொடுத்தேன்?" என்று கேட்டாள் பெரியவள்.

சின்னவனின் பார்வை விலகியது. "அது... அப்புறம் பேசிக்கலாம்க்கா."

"ஏன்?"

"அப்புறம்னு சொல்றேன்ல."

அவள் மேலும் கேட்டிருப்பாள். அதற்குள் வேறொன்று மண்டையில் உறைத்து அவளைத் தூக்கிவாரிப்போட்டது. உருட்டு இதழின் நடுப்பக்கங்கள்! ஆறும் பாலமும் சுங்கக்காரரும், எவரும் எடுத்து ஆடத் தோதாக, வாத்தியார் ஆசையாசையாக எழுதிக் கொடுத்தது. ஊரிலுள்ள அத்தனை மேஜைகளுக்கும் அதுதான் முதல் விருந்து என்று அட்டையிலேயே போட்டிருந்தாள்.

"வண்டியை எடு" என்றாள்.

*

அச்சகம் ஒரு குறுகலான சந்தின் கடைசியில் இருந்தது. சந்து முனையிலேயே இயந்திரத்தின் தடதடப்பு காலில் ஏறியது. உள்ளே மை வாடை. தரையெல்லாம் காகிதத் துணுக்கு.

அச்சகக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு எழுந்தார். "வாங்கம்மா, கடைசிப் பக்கம் கொண்டாந்தீங்களா? நடுப்பக்கம் ஓட்டியாச்சு. மடிப்புக்கூட முடியப் போகுது."

"அதை நிறுத்தணும்."

"எதை?"

"நடுப்பக்கத்தை. அது வேண்டாம்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "விளையாடறீங்களா? நூறு பிரதிம்மா."

"யாராவது படிச்சாங்களா?"

"படிக்காம? நம்ம மடிப்புக்கார அக்கா நேத்திக்குச் சாப்பாட்டு நேரத்துல ஆடியே பார்த்துட்டாங்க. கட்டிங் பையனும் அவங்களும். ஒரே சிரிப்பு."

பெரியவள் திரும்பினாள்.

அறையின் கோடியில் காகிதம் வெட்டும் பெரிய இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் உறுமல் சுவரையே அதிர வைத்தது. அதன் முன்னால் மடிப்புக்கார அம்மா, நடுவயதுக்காரி, சாவகாசமாக நின்றிருந்தாள். கட்டுக் காகிதம் ஒன்று கோணலாக இருந்தது போலும். அதை நேராக்குவதற்கு இரண்டு கையையும் கத்திக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்தாள். மேலே கத்தி ஏறி நின்று, இறங்கத் தொடங்கியது.

சிவப்பு விசை சுவரில். அதன் பக்கத்தில் சின்னவன், இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

"பொட்டலம்!" என்று அலறினாள்.

அவன் அசையவில்லை.

"பொட்டலம்!"

அச்சகக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். அவன் சுவரில் ஒட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறந்ததிலிருந்து அவனை அவள் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அடிவயிற்றிலிருந்து வந்தது.

"தம்பீ!"

அவன் திரும்பினான். அவள் கை காட்டிய திசையைப் பார்த்தான். உள்ளங்கையால் விசையை அறைந்தான்.

கத்தி பாதியில் நின்றது. மடிப்புக்கார அம்மாவின் விரல்களுக்கும் அதற்கும் நடுவில் ஒரு தீப்பெட்டியை வைக்கலாம். பெரியவள் ஓடிப்போய் அவள் கைகளைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

அந்த அம்மா திடுக்கிட்டுப் போனாள். "என்னம்மா, ஏன் இழுக்கறீங்க?"

"கத்தி இறங்குது, கையை நீட்டறீங்களே!"

"மெஷின் ஓடவே இல்லையே." அவள் நிமிர்ந்து கத்தியைப் பார்த்தாள். முகம் வெளுத்தது. "இன்னிக்குக் காலையிலேர்ந்து சத்தமே இல்லை. ரிப்பேர்னு நினைச்சேன். எத்தனை வருஷமா இந்தத் தடதடப்புல குடும்பம் நடத்தறேன், இப்படி அமைதியா இருந்ததே இல்லை. மனசுக்கு எவ்வளவு சுகமா இருந்தது தெரியுமா?"

அச்சகக்காரர் ஓடிப்போய் இயந்திரத்தின் இணைப்பைப் பிடுங்கினார்.

"கட்டிங் பையன் என்ன கொடுத்தான்?" என்று சின்னவன் கேட்டான்.

"அவனா? பாலத்துகிட்ட வந்ததும் பயமாயிருக்குன்னு எழுந்து போயிட்டான். அவனைப் பார்த்துத்தான் சிரிச்சோம்."

அதைக் கேட்டதும் அவன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

பெரியவள் போனை எடுத்தாள். வாத்தியாரிடம் விஷயத்தைச் சொன்னாள். எதிர்பார்த்ததுதான் வந்தது.

"என் வாழ்க்கையிலேயே நான் உருப்படியா எழுதினது அது ஒண்ணுதான். அதைப் போய் எடுக்கிறேங்கிறியே."

"எடுத்தாச்சுங்க. திட்டணும்னா வீட்டுக்கு வந்ததும் திட்டுங்க."

"யாரோ ஒரு அம்மா கவனக்குறைவா..."

"ஃபேனைப் போட்டுட்டு அடியில போய் நில்லுங்க. சத்தம் கேட்டா எனக்கு போன் பண்ணுங்க. அச்சுல ஏத்திடறேன்."

காத்திருந்தாள். போன் வரவில்லை.

மடித்த பக்கங்களை எல்லாம் கட்டிங் பையன் நாலாகக் கிழித்து மூட்டையில் அடைத்தான். அவன்தான் அதை ஆசையாகச் செய்தான். அச்சகக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நடுவுல பன்னிரண்டு பக்கம் காலியா இருக்கேம்மா. வெள்ளைக் காகிதமாவா விக்கப் போறீங்க?"

பெரியவள் தம்பியைப் பார்த்தாள். "உன் கதை போன்ல இருக்கா? வெட்டாத முழுசு?"

"இருக்கு" என்றான் அவன். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஆனா ஒரு வரிகூட எடுக்கக்கூடாது, ஆசிரியரம்மா" என்றான்.

"எழுத்துப் பிழையாவது திருத்தலாமா?"

"யோசிச்சுச் சொல்றேன்."

மடிப்புக்கார அம்மாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி வெட்டும் இயந்திரத்துப் பக்கமே அவளை விட மாட்டேன் என்று அச்சகக்காரரிடம் வாக்கு வாங்கிய பிறகுதான் பெரியவள் அங்கிருந்து கிளம்பினாள். அந்த அம்மா சந்து முனை வரை போய், திரும்பி அச்சகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

*

வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. வாத்தியார் கதவைத் திறந்தார். உம்மென்று இருந்தார். ஆனால் மச்சினனைப் பார்த்ததும் தோளில் தட்டி உள்ளே இழுத்துக்கொண்டார்.

"என் பாலத்தை இடிச்சுட்டு உன் கதையை ஏத்திட்டாளாமே உங்க அக்கா. சந்தோஷம்தானே?"

"பாலம் நல்லாத்தான் இருந்தது அத்தான். அந்தச் சுங்கக்காரர்தான்... அந்தக் குரலை எங்க பிடிச்சீங்க? கேட்டப்பவே உடம்பு சிலிர்த்தது."

"நான் எங்கடா பேசினேன்? நீதானே குரலை மாத்திப் பேசினே."

"நானா?"

"பாலத்துல காவலுக்கு ஆளே நான் எழுதலையே. நீ சமயோசிதமா எடுத்துவிட்டேன்னு நினைச்சு, நல்லா இருக்கேன்னு அப்புறம் சேர்த்துக்கிட்டேன்."

சின்னவன் நாற்காலியை இழுத்து மெல்ல உட்கார்ந்தான். மழை நாளில் இந்த மேஜையில் இருந்தது மூன்றே பேர். மூன்று பேரும் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் மனைவியைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். நான் இல்லை.

"நான் டீ போடறேன்" என்று அவர் சமையலறைக்குள் போய்விட்டார்.

பெரியவள் தம்பியின் எதிரில் உட்கார்ந்தாள். "இப்போ சொல்லு. நான் என்ன கொடுத்தேன்?"

"வேண்டாமேக்கா."

"என்னோடது என்னன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

அவன் மேஜை விரிப்பின் நூலைப் பிய்த்தான். "அப்பா தவறிப் போன பிறகு நீ எப்படி இருந்தேன்னு உனக்கே ஞாபகம் இருக்கான்னு தெரியலை. தினம் சாயங்காலம் இதே நேரம் எழுந்து போய்க் கதவைத் திறப்பே. மாடிப்படியைப் பார்த்துக்கிட்டே நிப்பே. அத்தான் பயந்து போய் என்னைக் கூப்பிடுவார். அன்னிக்குச் சுங்கக்காரர் கேட்டதும் நீ அழுதுக்கிட்டே சொன்னே. 'எங்கப்பா விசிலை எடுத்துக்கிட்டுப் போங்க. தினமும் கேட்டுக்கிட்டே இருக்கு, என்னால தாங்க முடியலை'ன்னே. அதுக்கப்புறம்தான் நீ ஒழுங்காத் தூங்கவே ஆரம்பிச்சே. அதனால நாங்க ரெண்டு பேரும் அந்தப் பேச்சையே எடுக்கலை."

பெரியவள் அவனையே பார்த்தாள்.

அப்பாவை அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. நகக்கண்ணில் கிரீஸ். ஊருக்கெல்லாம் லிஃப்டை ஓடவைத்துவிட்டு, லிஃப்ட் இல்லாத இந்தக் கட்டடத்தில் மூன்று மாடி மூச்சிரைக்க ஏறி வருவார். இருமல், செருப்புச் சத்தம், சிரிப்பு எல்லாம் இருக்கிறது.

"அப்பா விசில் அடிப்பாரா?" என்று கேட்டாள்.

சின்னவனின் கண் நிறைந்தது. "ரெண்டாவது மாடி திரும்பினதும் அடிப்பாரேக்கா. கதவைத் திறந்து வைக்கச் சொல்லி. மறந்துட்டியா? இப்படி..."

அவன் உதட்டைக் குவித்தான். கன்னம் குழிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. குவிந்த உதடு அசைந்த விதத்தில் அவள் அதை எண்ணினாள். காதில் ஒன்றுமே விழவில்லை. காற்றுகூட இல்லை.

சமையலறையில் டம்ளர் ஒன்று விழுந்து உருண்டது. அது கேட்டது. வாத்தியார் ஓடி வந்தார்.

"டேய், அதை அடிக்காதேடா. ஒரு நிமிஷம் மாமாதான் வந்துட்டாரோன்னு நான்..."

அவர் பேச்சு பாதியில் நின்றது.

சின்னவன் உதட்டை எப்போதோ மூடியிருந்தான்.

இருவர் தலையும் ஒரே நேரத்தில் வாசல் கதவின் பக்கம் திரும்பின. வாத்தியாரின் முகத்தில் ரத்தமில்லை. பெரியவள் காதைத் தீட்டினாள். எதிர் வீட்டு வானொலி கேட்டது. அடுப்பில் பால் பொங்கி வழிவது கேட்டது.

"என்ன? என்ன கேக்குது?"

வாத்தியார் அவளைப் பார்க்காமலே, பேசாதே என்று கையைக் காட்டினார். சின்னவனின் கண்கள் கதவின் அடிப்பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறின, நின்றன, மறுபடி ஏறின. படி ஏறி வருகிற ஒருவரைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து பார்க்கிற மாதிரி.

"எனக்குக் கேக்கலைங்க. யாராவது சொல்லித் தொலைங்களேன்!"

சின்னவன் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான். சின்ன வயசில் இருட்டுக்குப் பயந்து அவளோடு ஒட்டிக்கொள்வானே, அதே குரலில் சொன்னான்.

"எப்பவும் நீதானேக்கா திறப்பே."